என் பங்குக்கு ஒரு மீசை

எங்கள் பக்கத்திலிருந்து வெளிநாடு போகிறவர்கள் இரண்டு வகை. குவைத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஒரு வகை, அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டு வகைக்கும் ஊரில் மரியாதை உண்டு. சும்மா பார்த்துவிட்டு வருவதற்காகப் போகிறவர்கள் என்று மூன்றாவது வகை கிடையாது. அதனால் உகாதி லீவில் நானும் என் வீட்டுக்காரரும் மலேசியா போகிறோம் என்று சொன்னபோது, சத்தியவேடு பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டுகிற அக்காவுக்கு ஒன்றுமே புரியவில்லை.

"அங்க இன்னா வேலை உங்களுக்கு?" என்றார்.

"வேலை இல்லக்கா. மரம் பாக்கப் போறோம்."

"ஏன்டி, இங்க மரமே இல்லியா?"

இருக்கிறது. நான் படித்ததே மரம் செடிகொடிதான். திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. தாவரவியல், அப்போது கடைசி செமஸ்டர். ஹாஸ்டல் மொட்டைமாடியில் நின்றால் எதிரே ஏழு மலையும் தெரியும். உலகத்தில் வேறெங்கும் தானாக முளைக்காத செம்மரம் எங்கள் மலையில் முளைக்கிறது. ஆனால் உள்ளூர் மரத்துக்கு மயங்குகிற வயதா அது?

என்னை மயக்கியது ஒரு படம். முதல் செமஸ்டரில் காட்டியல் பாடப் புத்தகத்தில் கறுப்பு வெள்ளையில் தீப்பெட்டி அளவுக்கு இருந்தது. காட்டுக்குள் தரையில் நின்று அண்ணாந்து எடுத்த படம். உயரமான மரங்கள், ஆனால் ஒரு மரத்தின் உச்சிக் கிளை பக்கத்து மரத்தைத் தொடவில்லை. ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஒரு சந்து விட்டிருந்தது, அந்தச் சந்து வழியாக வானம் வெள்ளையாகத் தெரிந்தது. மலேசியாவில் வளர்கிற ஒரு வகைக் கற்பூர மரம், அப்படித்தான் ஒதுங்கி ஒதுங்கி வளரும், ஏன் என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது என்று எங்கள் பேராசிரியை சொன்னார். ஏன் என்று தெரியாது என்று ஒரு பேராசிரியை சொல்லி அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். அந்தப் பக்கத்தில் மயிலிறகு வைக்காத குறைதான்.

என் ரூம்மேட் கர்னூல் பக்கத்துப் பெண், தெலுங்கு மட்டும் பேசுவாள், வாய் ஓயாது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இது உன் குடித்தனம் மாதிரியே இருக்கிறது அக்கா என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவள் சொன்னது உண்மை. எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை சொந்த அத்தை மகன். சத்தியவேடு பக்கத்தில் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. நான் திருப்பதி ஹாஸ்டலில். எனக்கு லீவு இருக்கும் நாளில் அவருக்கு ஷிப்ட், அவருக்கு ஆஃப் இருக்கும் நாளில் எனக்கு லேப். ஞாயிற்றுக்கிழமை அவர் பஸ் ஏறி வந்து, பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு, கோவிந்தராஜசுவாமி கோயில் குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு, திரும்பப் போய்விடுவார். குடித்தனம் என்று நாங்கள் நடத்தியது அவ்வளவுதான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை அவரிடம் காட்டினேன். அவர் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, "போலாம்மே" என்றார்.

அந்த மீசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தை மகன் என்பதற்காக நான் கழுத்தை நீட்டவில்லை. அந்த மீசைக்காகத்தான். இரண்டு பக்கமும் கனமாக இறங்கி நுனியில் கொஞ்சம் மேலே ஏறும். ஆள் சாது, மீசை மட்டும் அதிகாரி. பஸ்ஸில் யாராவது இடம் தராவிட்டால் அவர் ஒன்றும் பேசமாட்டார், மீசையைப் பார்த்து அவர்களே எழுந்துகொள்வார்கள். என் தோழிகள் எல்லாம் மீசை பாவா, அதாவது மீசை மாமா, என்றுதான் சொல்வார்கள்.

போகலாம் என்று சொன்னாரே தவிர, ஒவ்வொரு லீவுக்கும் ஒரு கேடு வந்தது. ஒரு தடவை அவருக்கு லீவு மறுத்தார்கள். ஒரு தடவை அறுப்பு. ஒரு தடவை எனக்குப் பரீட்சை தள்ளிப்போனது. பிறகு பாஸ்போர்ட். என் நைனா வீடு நகரியில், புகுந்த வீடு சத்தியவேடு பக்கம், இருப்பு திருப்பதியில். விசாரிக்க வந்த போலீஸ்காரர் ஒவ்வொரு வீடாகப் போய் நான் அங்கே இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். அவர் எழுதியதிலும் தப்பில்லை, நான் எங்கேயுமே இல்லாமல்தான் இருந்தேன்.

இந்த உகாதியை விட்டால் அப்புறம் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கம்பெனியில் மிஷின்களைக் கழற்றிப் பார்க்க ஒரு வாரம் லைனை நிறுத்துகிறார்கள், அவருக்குச் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது அப்போது மட்டும்தான். இந்த வருஷம் அந்த வாரமும் என் லீவும் ஒன்றாக வந்தன. பரீட்சை முடிந்தால் நான் எங்கேயாவது வேலையில் சேர வேண்டும், அது எந்த ஊரோ. கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒரு வாரம் முழுசாகச் சேர்ந்து இருந்ததில்லை. மரம் ஒரு சாக்கு என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

அத்தையைச் சம்மதிக்க வைத்தது நான்தான். பெருமாளுக்குச் சார்த்துகிறார்களே பச்சைக் கற்பூரம், லட்டில்கூடப் போடுகிறார்களே, அது அந்தக் காலத்தில் இந்த வகை மரத்திலிருந்துதான் வந்தது அத்தை, அந்த மரத்தைத்தான் பார்க்கப் போகிறோம் என்றேன். பொய்யில்லை. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அது சுற்றுலா இல்லை, யாத்திரை. ஊரில் யார் கேட்டாலும் "எம் மருமவ கற்பூர மரத்துக்குப் போவுது" என்று சொல்ல ஆரம்பித்தார். நானும் நம் சாமர்த்தியம் என்ன சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

உகாதியன்று மாமியார் வீட்டில் இருந்தோம். காலையில் வேப்பம்பூ பச்சடி, மத்தியானம் போளி. மறுநாள் திருப்பதிக்குப் போய் ஹாஸ்டலில் இருக்கும் பாஸ்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு, அதற்கடுத்த நாள் சென்னைக்குப் போய் விமானம் ஏறுவதாகத் திட்டம். போளியைத் தட்டில் போட்டுக்கொண்டே அத்தை சாதாரணமாகச் சொன்னார்.

"நாளிக்கு அப்பிடியே மலைக்குப் போய் முடி குடுத்துட்டுக் கெளம்புங்க."

"யாரு, மாமாவா?" என்று என் வீட்டுக்காரரைக் காட்டிக் கேட்டேன்.

"ரெண்டு பேருந்தான். பாஸ்போட்டு வராம இழுத்துக்கினு கெடந்திச்சே, அப்ப வேண்டிக்கினேன். வந்துட்டா ரெண்டு பேரு முடியும் குடுக்கறேன்னு. அந்தப் பெருமாளு வட்டிக்காரன். வெச்சிக்கினு ஊரு தாண்டக் கூடாது."

எங்கள் பக்கத்தில் பெண்கள் மொட்டை போடுவது அதிசயமில்லை. அத்தை போடாத மொட்டையா? போர் போட்டபோது தண்ணீர் வந்ததற்கு ஒன்று, மகனுக்குக் காய்ச்சல் இறங்கியதற்கு ஒன்று, அவனுக்கு வேலை கிடைத்ததற்கு ஒன்று, மாமனாருக்கு வயிற்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு ஒன்று. அவர் முடி தோளுக்குக் கீழே இறங்கி நான் பார்த்ததே இல்லை. அது அவர் தலை, அவர் வேண்டுதல். என் தலையை வேண்டிக்கொள்ள இவர் யார்? ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பது இதுதான். எனக்கு என் முடி பிடிக்கும். பின்னினால் இடுப்புக்குக் கீழே வரும். அதற்கு ஆராய்ச்சிக் காரணம் எதுவும் இல்லை, பிடிக்கும், அவ்வளவுதான்.

"எனக்குத் தெரியாம எப்பிடி அத்தே வேண்டிக்கலாம்?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

அத்தைக்கும் முகம் சுருங்கியது. "உனுக்காவதான வேண்டிக்கினேன், எனுக்காவா? குடுக்காம இந்த வாசப்படிய விட்டுப் போவக் கூடாது. அப்புறம் வழியில எதுனா ஆச்சின்னா நான் பொறுப்பில்ல."

திண்டாட்டம் அவருக்குத்தான். இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் பெண்டாட்டி, நடுவில் தட்டில் போளி. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நாளிக்கு மலைக்குப் போறோம்மா, முடி குடுக்கறோம்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் போளியைத் தொடவில்லை. பசியோடு படுத்ததுதான் மிச்சம்.

மறுநாள் புத்தூர் வழியாகப் போகிற திருப்பதி பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். வழியெல்லாம் மாந்தோப்பு, பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்திருந்தது. அவர் வேர்க்கடலை வாங்கி நீட்டினார். வாங்கவில்லை. நாராயணவனம் வந்ததும் தாங்கமுடியாமல் சொன்னேன்.

"நான் மொட்டை போடமாட்டேன் மாமா. போட்டாத்தான் போவணும்னா போவவே வேணாம். டிக்கெட்ட கிழிச்சிப் போடு."

"போனுல கீற டிக்கெட்ட எப்பிடிமே கிழிக்கறது?" என்றார்.

சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கடலையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

மலையில் உகாதிக் கூட்டம். தரிசனத்துக்கு நாங்கள் பதிவு செய்யவில்லை, முடி கொடுத்துவிட்டுக் கோயிலுக்கு எதிரே தேங்காய் உடைத்துவிட்டு இறங்குவதுதான் எண்ணம். கல்யாணகட்டாவில் முடி கொடுக்கிற வரிசை வளைந்து வளைந்து போயிற்று. உள்ளே வெந்நீர், ஈரத்தரை, குழந்தைகளின் அழுகை. மொட்டை அடித்தவர்கள் தலையைத் தடவிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். புது மொட்டை போட்ட எல்லாருக்கும் கை தானாகத் தலைக்குப் போகும். நான் பின்னலை முன்னால் இழுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. அந்த மரத்துக்கும் இந்த முடிக்கும் என்ன சம்பந்தம் என்று பெருமாளைத்தான் கேட்டேன்.

டோக்கன் கொடுக்கிற இடத்துக்கு முன்னால் அவர் நின்றார். கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். பஸ் ஏறியதிலிருந்து அவர் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

"அம்மா இன்னா வேண்டிச்சி? ரெண்டு பேரு முடின்னுதான? யாரு மூஞ்சிலருந்து எடுக்கணும்னு வேண்டலயே. எம் பங்குக்குத் தலை. உம் பங்குக்கு மீசை. ரெண்டாச்சி. நீ மூணு கத்தரி மட்டும் குடு."

மூன்று கத்தரி என்பது பெண்கள் நுனிமுடியை மூன்று தடவை கத்தரித்துக் காணிக்கையாகக் கொடுப்பது. விரற்கடை நீளம்தான் போகும். நான் அவர் மீசையைப் பார்த்தேன்.

"மீசையா? வேணாம் மாமா."

"ஏன், எம் மீசை உம் முடிக்குச் சமம் இல்லியா?"

"பெருமாள் ஒத்துக்குவாரா?"

"அவுரு ரெண்டு பொண்டாட்டிக்காரரு. அவுருக்குப் புரியும்" என்று சொல்லிவிட்டு டோக்கனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் பெண்கள் பக்கம் போய் மூன்று கத்தரி கொடுத்துவிட்டு வெளியே வந்து தூணோரம் நின்றேன். வருகிற மொட்டைகளில் அவரைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருவன் வந்து ஒட்டி நின்றான். நகர்ந்தேன். அவனும் நகர்ந்தான். முறைப்பதற்காகத் திரும்பினால், தலையில் சந்தனம் பூசி, மூக்குக்குக் கீழே வெள்ளைவெளேரென்று, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒரு முகம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

"முடி எடுத்த ஆளு கேட்டான்மே, 'மீசம் கூடா தீசேயாலா?'ன்னு, மீசையுமா எடுக்கணும்னு. ரெண்டு வாட்டி கேட்டான். அவுனுக்கே மனசு வரல" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எனக்காக யாரும் இதுவரை எதையும் அப்படி விட்டுக் கொடுத்ததில்லை. அவருக்கு மேலுதடு அவ்வளவு மெல்லியது என்று அன்றுதான் தெரிந்தது. கோயிலுக்கு எதிரே தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்றினோம். பெருமாளே, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன். இனி ஒரு தடையும் இல்லை என்று இருவரும் புளியோதரை சாப்பிட்டோம்.

சாயங்காலம் ஹாஸ்டல் வாசலுக்கு ரூம்மேட் என் பையையும் பாஸ்போர்ட்டுகளையும் கொண்டுவந்தாள். என் பக்கத்தில் நிற்கிறவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்தாள்.

"பாவகாரு ராலேதா அக்கா?" என்றாள். மாமா வரவில்லையா என்று மாமாவை வைத்துக்கொண்டே கேட்கிறாள்.

அவர் வாயைத் திறந்து ஏதோ சொன்னதும்தான் அவளுக்குக் குரல் அடையாளம் தெரிந்தது. வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே பாஸ்போர்ட்டைத் திறந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். போட்டோவை எங்கள் பக்கம் திருப்பினாள். சுருட்டை முடி நெற்றியில் விழ, அந்த மீசையோடு, கோபக்கார மேஸ்திரி ஒருவர் எங்களை முறைத்தார். அவருக்கும் பக்கத்தில் நின்ற சந்தன மொட்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"ஆபேஸ்தாரேமோ அக்கா" என்றாள். நிறுத்திவிடுவார்களோ என்னவோ.

தெரிந்த ஜனம் பக்கத்தில் நின்று தேடுகிறது, தெரியாத அதிகாரி எப்படி விடுவான்? வேறு ஊர்க்காரன் எவனாவது விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் முகத்தையே மாற்றிக்கொண்டு வருவானா? மலைக்குப் போகாமல் ஊர் தாண்டக்கூடாது என்கிற எங்களுக்குத்தான் இது நடக்கும். ரூம்மேட் ஒட்டுமீசை வாங்கலாம் என்றாள், கண்மையால் வரையலாம் என்றாள். அவர் கம்பெனி நண்பன் ஒருவனுக்குப் போன் போட்டார். துபாயில் யாரையோ தாடிக்காக ஒரு பகல் முழுக்க உட்கார வைத்தார்கள் என்று அவன் தெம்பு சொன்னான். அப்படிப்பட்ட நண்பன் இருந்தால் விரோதி எதற்கு?

சென்னையில் ஒன்றும் ஆகவில்லை. கவுண்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். "திருப்பதியா?" என்றார். ஆமாம் சார் என்றதும் முத்திரை விழுந்தது. லட்டு கொண்டுவரவில்லையா என்று வேறு கேட்டார். அங்கே மொட்டையைப் பார்த்தால் ஊர் தெரியும். கடல் தாண்டினால் யாருக்குத் தெரியும்?

விமானத்தில் எங்களுக்கு அதுதான் முதல் தடவை. அவர் ஜன்னலில் நெற்றியை வைத்து மேகம் பார்த்துக்கொண்டு வந்தார், நான் அவர் மேலுதட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு நாளில் எவ்வளவு முளைத்துவிடும்? எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு நிழல், அவ்வளவுதான்.

கோலாலம்பூரில் பெரிய கூடம், பெரிய வரிசை. புருஷன் பெண்டாட்டி என்றதும் ஒரே கவுண்டருக்கு அனுப்பினார்கள். முக்காடு போட்ட சின்ன வயசுப் பெண் உட்கார்ந்திருந்தாள், வேலைக்குப் புதிது போல. என் விரலை வைக்கச் சொன்னாள், சிரித்தாள், முத்திரை குத்திவிட்டாள். தாண்டிப் போ என்று கை காட்டினாள். நான் தாண்டி அந்தப் பக்கம் நின்றேன்.

அவர் பாஸ்போர்ட்டைத் திறந்தாள். போட்டோவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். தொப்பியைக் கழற்றச் சொன்னாள். வெயிலுக்கென்று திருப்பதியில் வாங்கிய தொப்பி. அவர் கழற்றினார். காதோரம் இன்னும் கொஞ்சம் சந்தனம் ஒட்டியிருந்தது. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. இது நீயா என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"எஸ் மேடம். சேம் மேடம். டெம்பிள்" என்று தலையைத் தட்டிக் காட்டினார். பிறகு மேலுதட்டைத் தொட்டு, "வைஃப்" என்றார். மீசை என் பங்கு என்று அதற்கு அர்த்தம். அந்தப் பெண்ணுக்கு எப்படிப் புரியும்? அவள் விளக்கை இழுத்துப் பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தாள். பக்கத்துக் கவுண்டரிலிருந்து வயசான ஓர் அதிகாரியைக் கூப்பிட்டாள். என்னைப் பார்த்து, நிற்காதே, நகரு என்று மறுபடி கை காட்டினாள்.

நான் நகரவில்லை. எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். ஹாஸ்டலுக்கும் கம்பெனிக்கும் நடுவே இருந்த தூரம் போதாதா? இப்போது நான் ஒரு தேசம், அவர் ஒரு தேசமா? அவரைத் திருப்பி அனுப்பினால் நானும் அடுத்த விமானத்தில் ஏறிவிட வேண்டியதுதான், அந்த மரம் புத்தகத்திலேயே இருக்கட்டும் என்று முடிவுகட்டினேன். அவர் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு, மீசையில்லாத வாயால் என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தார். எல்லாம் இந்தப் பின்னலைக் காப்பாற்றப் போய் வந்தது.

பின்னல் என் தோளில்தான் கிடந்தது. அவர் மீசைக்குப் பதிலாகத் தப்பித்த முடி.

யோசிக்கவெல்லாம் இல்லை. இரண்டே எட்டில் திரும்பிப் போனேன். அந்தப் பெண் ஏதோ சொல்லிக்கொண்டே எழுந்தாள். நான் பின்னல் நுனியை எடுத்து, ரப்பர் பேண்டுக்குக் கீழே இருந்த குஞ்சத்தை இரண்டாகப் பிரித்து, அவர் மூக்குக்குக் கீழே வைத்து அழுத்திப் பிடித்தேன். நுனியைக் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டேன், அவர் விடுகிற மாதிரியே. இன்னொரு கையால் தொப்பியைத் தலையில் கவிழ்த்தேன்.

"மொறைங்க மாமா" என்றேன்.

அவர் முறைத்தார்.

வயசான அதிகாரி போட்டோவைப் பார்த்தார். என் பின்னலை மீசையாக வைத்துக்கொண்டு முறைக்கிற என் வீட்டுக்காரரைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார். முதலில் அவர் வயிறுதான் குலுங்கியது, பிறகுதான் சத்தம் வந்தது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வரிசையில் பின்னால் நின்ற ஒரு குடும்பமே சிரித்தது. அதிகாரி அவர் கண்ணையும் காதையும் படத்தோடு ஒரு தடவை நன்றாக ஒப்பிட்டுப் பார்த்து, விரல் ரேகையை வைக்கச் சொன்னார். பிறகு முத்திரையை எடுத்து அவரே குத்தினார். "சேம், சேம்" என்று பாஸ்போர்ட்டை நீட்டினார். நான் அதுவரை பின்னலை எடுக்கவில்லை. என் வீட்டுக்காரருக்குத் தும்மல் வந்துதான் எடுத்தேன்.

மறுநாள் காலை அந்தக் காட்டுக்குப் போனோம். நகரத்துக்கு வெளியே, ஆராய்ச்சிக்கென்று பாதுகாக்கிற காடு. முந்தின நாள் மழை பெய்திருந்தது, தரையெல்லாம் மெத்தென்று இலை. வழிகாட்டி ஓர் இடத்தில் நிறுத்தி மேலே பார்க்கச் சொன்னார். படத்தில் பார்த்ததுதான், ஆனால் படத்தில் அது அசையவில்லை. இங்கே காற்றில் உச்சிகள் மெதுவாக ஆடின, ஒன்றை நோக்கி ஒன்று வந்தன, தொடாமல் திரும்பின. நடுவே வானம் வாய்க்கால் மாதிரி ஓடியது. கழுத்து வலிக்கிறவரை பார்த்தோம். அவர் என் கையைப் பிடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடைசி பஸ் என்று எதுவும் அன்றைக்கு இல்லை.

கீழே விழுந்திருந்த இலை ஒன்றைக் கசக்கி அவர் மூக்கில் வைத்தேன். கண்ணை மூடி இழுத்தார்.

"மே, லட்டு வாசனை" என்றார்.

அத்தைக்கு வீடியோ கால் போட்டோம். முதலில் மரத்தைக் காட்டினேன். அத்தை அங்கே எழுந்து நின்றே கும்பிட்டார். போன் கீழே சாய்ந்து கொஞ்ச நேரம் எங்களுக்கு மாட்டுக் கொட்டகைதான் தெரிந்தது. பிறகு மகனைக் காட்டச் சொன்னார்.

"மீச எங்கடா?"

அவர் பதில் சொல்வதற்குள், "அவ தலையக் காட்டு" என்றார்.

மறைக்கவில்லை. திரும்பி நின்று பின்னலைக் காட்டினேன், இடுப்புக்குக் கீழே தொங்குகிறது.

"அவ பங்குக்கு எம் மீசையக் குடுத்துட்டேன்மா" என்றார் அவர். "ரெண்டு பேரு முடி. கணக்கு சரியாப் பூடிச்சி."

அத்தை போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து மகனின் மேலுதட்டையே பார்த்தார். அவருடைய தலை எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது. மாமனார் ஆபரேஷனுக்குக் கொடுத்த முடி அப்போதுதான் காதைத் தாண்டி வளர்ந்திருந்தது. திட்டப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அத்தை மெதுவாகத் திரும்பி, கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமனாரைப் பார்த்தார்.

"பாத்தியா, உம் புள்ளைய" என்றார். "இத்தினி வாட்டி மொட்ட போட்டேன். எம் பங்குக்குன்னு நீ ஒரு மயிரு குடுத்திருப்பியா?"

மாமனார் இருமுகிற சத்தம் கேட்டது. அத்தை எங்கள் பக்கம் திரும்பினார். கண் ஈரமாக இருந்தது, வாய் சிரித்தது.

"அந்தப் பின்னல நல்லா வெச்சிக்கடி" என்றார். "அந்த மரத்த இன்னொரு வாட்டி காட்டு."

காட்டினேன்.